வலது தோள் முந்தானை

சினிமாவில் புடவை கட்டிக்கொண்டு பாடுகிற பெண்களைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். காதல் எல்லாம் அப்புறம். அவள் மலை மேல் ஓடுகிறாள், அருவியில் நனைகிறாள், முந்தானை கொடி மாதிரி பறக்கிறது, ஆனால் உடம்பில் ஒரு பின் கிடையாது. உள்பாவாடை தடுக்குவது கிடையாது. பாட்டு முடியும்போது கொசுவம் கலையாமல் அப்படியே நிற்கும். நானோ சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் பள்ளியில் பெண்கள் புடவைதான் கட்ட வேண்டும். தோளில், இடுப்பில், கொசுவத்தில் என்று கண்ட இடத்தில் பின் குத்திக்கொண்டு, கேம்ப் ரோடு டிராஃபிக்கில் ஸ்கூட்டி ஓட்டி, போர்டில் எழுதும்போதெல்லாம் இடது கையால் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு பிழைப்பு நடத்தியவள். முந்தானை பறந்தால் எனக்கு வண்டிச் சக்கரம்தான் ஞாபகம் வரும்.

என் கணவர் இதற்கு நேர் எதிர். அவருக்குப் பாட்டு என்றால் பழைய பாட்டு, பழைய பாட்டு என்றால் புடவை. கல்யாணமான புதிதில் தாம்பரத்தில் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போவார். கதாநாயகி மழையில் நனைகிற கட்டம் வந்துவிட்டால் மனுஷன் கையில் இருக்கிற முறுக்கை மறந்துவிடுவார். நான் முழங்கையால் ஒரு இடி இடிப்பேன். வீட்டுக்கு வரும் வழியில், அந்த மாதிரி புடவை உனக்கு எடுப்பா இருக்கும் என்பார். அந்த இடுப்பையும் சேர்த்து வாங்கிட்டு வாங்க என்பேன்.

எங்கள் வீட்டுக் காதல் காட்சி வேறு. அது தினமும் காலையில், குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவில் நடக்கும். நான் கொசுவம் மடித்துச் செருகிவிட்டு, கண்ணாடி முன்னால் நின்றபடியே, ‘ஏங்க, கொஞ்சம் வாங்களேன்’ என்று குரல் கொடுப்பேன். வாயில் டூத் பிரஷ்ஷோடு வருவார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொசுவத்தின் அடியை ஒவ்வொரு மடிப்பாக விரலால் நீவி, சேர்த்துப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவார். எழுந்து ரெண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. செய்து வருகிற உதிரி பாகங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, சரியில்லாததைத் தள்ளுகிற வேலை. அந்தக் கண்ணாலேயே என்னையும் உச்சி முதல் கால் வரை பார்ப்பார். இடுப்புப் பக்கம் கொஞ்சம் தூக்கு, தோளில் ஒரு மடிப்பு சரியில்லை என்று பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டே சொல்வார்.

எனக்குத் தனியாகப் புடவை கட்டத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நன்றாகவே தெரியும். அந்த ரெண்டடி தூரத்துப் பார்வைக்காகத்தான் கூப்பிடுவேன். அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

போன வருஷம் எனக்கு மார்பில் புற்று என்றார்கள். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மகன் வெளியூரில் படிக்கிறான், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். ஊசி மருந்து ஏற்றிவிட்டு வந்து நான் வாந்தி எடுத்தபோது பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடி கொட்டியபோது, வெயில் காலத்துக்கு நல்லதுதான் என்று சொல்லி என்னிடம் திட்டு வாங்கினார். குறை சொல்ல மாட்டேன், சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நான் உடை மாற்றினால் திரும்பிக்கொள்வார். சுவரில் மாட்டியிருக்கும் தினக் காலண்டரில் அன்றைய நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் படிப்பார். வாழ்நாளில் ராகு காலம் பார்த்து ஒரு காரியம் செய்யாத மனுஷன். பேசும்போதும் கண் என் முகத்தோடு நின்றுவிடும், கழுத்துக்குக் கீழே இறங்காது. அருவருப்பா, பயமா, பாவம் என்கிற எண்ணமா, என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டு அவர் வாயால் ஏதாவது சொல்லிவிட்டால் அப்புறம் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வீட்டில் நைட்டி, வெளியே போனால் தொளதொள சுடிதார், அதன் மேல் ரெண்டாக மடித்த துப்பட்டா என்று நானும் என்னை மூடிக்கொண்டேன். புடவை எல்லாம் பீரோவில் தூங்கின.

சிகிச்சை முடிந்தது. ஜூனில் பள்ளி திறந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் புடவை ஞாபகம் வந்தது. புடவை கட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முந்தானையை இடது தோளில் போடும்போது வலது பக்கம் மூடிக்கொள்ளும், இடது பக்கம்தான் திறந்த பக்கம். சினிமாவில் கேமரா எப்போதும் அந்தப் பக்கம்தான் வந்து நிற்கும். வகுப்பிலும் அப்படித்தான், போர்டில் எழுதும்போது பையன்களுக்கும் பெண்களுக்கும் என் இடது பக்கம்தான் தெரியும். உள்ளே வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு பஞ்சுப் பை கொடுத்திருந்தார்கள். அது வேர்த்து அரிக்கும். குனிந்து நிமிர்ந்தால் கழுத்து வரைக்கும் ஏறி வந்து எட்டிப் பார்க்கும். பள்ளியில் சுடிதார் போட அனுமதி கேட்டால் கொடுத்திருப்பார்கள், ஏன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த ஏன் எனக்குத் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

மே மாதம் ஒரு சாயங்காலம் அவர் ஹாலில் உட்கார்ந்து போனில் ஒரு பழைய பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி கொடுக்கப் போன நான் நின்றுவிட்டேன். கதாநாயகி தோட்டத்தில் ஓடுகிறாள், முந்தானை வலது தோளில் கிடக்கிறது. இது என்ன கூத்து என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அந்தப் பாட்டை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார், ஒரு நாளும் அது கண்ணில் பட்டதில்லையாம். உற்றுப் பார்த்தார். கதாநாயகன் வலது கையில் வாட்ச் கட்டியிருந்தான், சட்டைப்பை வலது பக்கம் இருந்தது, கார் ஸ்டீயரிங்கும் தப்பான பக்கம். அட ஆமா என்று சிரித்தார். படத்தின் உரிமைக்காரர்களிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திருப்பிப் போட்டு நெட்டில் ஏற்றிவிடுகிறார்களாம். திருட்டுப் பாட்டுக்கு ஒரு திருட்டு வழி.

அவர் அதோடு விட்டுவிட்டார். நான் சமையலறையில் போய் நின்றுகொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வலது பக்கம் திறந்திருந்தது. இடது பக்கத்தைப் புடவை மூடியிருந்தது, தோள் முதல் இடுப்பு வரை, முழுசாக. அசிங்கமாகவும் இல்லை. அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பீரோவைத் திறந்தேன். கடுகு மஞ்சளில் கட்டம் போட்ட ஒரு காட்டன் புடவையை எடுத்தேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அரக்கு பார்டர். தலைகீழானாலும் தெரியாது என்பதற்காகத்தான் அதை எடுத்தேன். கணக்கு டீச்சர் இல்லையா, ஒரு உருவத்தைத் திருப்பிப் போடுவது எனக்குப் பெரிய வித்தையா என்று நினைத்தேன். வலது இடுப்பில் செருகுவதை இடது இடுப்பில் செருகினேன். எதிர்ப் பக்கமாகச் சுற்றினேன். கை பேச்சைக் கேட்கவில்லை, அது பாட்டுக்குப் பழைய பக்கமே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி முடித்துக் குனிந்து பார்த்தால், ஃபால்ஸ் இடுப்பில் வந்து நிற்கிறது.

ஃபால்ஸ் என்பது புடவையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கிற பட்டைத் துணி. காலில் தட்டித் தட்டிப் புடவை கிழியாமல் இருக்கவும், கொசுவம் கனமாக நிற்கவும் அதுதான். புடவையை எதிர்ப் பக்கமாகச் சுற்றினால் கீழ் ஓரம் மேலே வந்துவிடும், இல்லை உள்பக்கம் வெளியே வந்துவிடும், இரண்டில் ஒன்று. சினிமாக்காரன் கண்ணாடியில் திருப்பிவிட்டான், எனக்குத் துணி அல்லவா திரும்ப வேண்டும்! இடுப்பில் ஃபால்ஸ் தடித்துப் புடைத்துக்கொண்டு நின்றது. கீழே கொசுவம் கனமில்லாமல் மூலைக்கு ஒன்றாகப் பறந்தது. நான் மறுபடி மறுபடி செருகிப் பார்த்தேன். வேர்வையும் கண்ணீருமாக நின்ற நேரத்தில் கதவு திறந்தது. அன்றைக்கு என்று பார்த்து அவருக்கு அரை நாள் லீவு.

வாசற்படியில் நின்று பார்த்தார். வெளியே போங்க என்று கத்தினேன். போய்விட்டார். கதவையும் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். போங்க என்று சொன்னவள் நான்தான், இருந்தாலும் அவர் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. புடவையைச் சுருட்டி பீரோவுக்கு அடியில் எறிந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் வெளியில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது, அவர் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் பல்லாவரத்திலிருந்து நாத்தனார் வந்தாள். பீரோ திறந்திருந்ததைப் பார்த்துவிட்டு, இவ்வளவு புடவையும் சும்மா கிடக்கே அண்ணி என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னவள் இல்லை, வெள்ளந்தி. ஆனால் அவள் போன மறுநாள் பெருக்கும்போது பார்த்தால், பீரோவுக்கு அடியில் எறிந்த மஞ்சள் புடவையைக் காணோம். தங்கைக்குக் கொடுத்துவிட்டார் என்று முடிவு செய்துவிட்டேன். இனிமேல் இவள் எங்கே கட்டப்போகிறாள் என்று அவரும் முடிவு கட்டிவிட்டார். அவரிடம் கேட்கவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைத்தேன், கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். அவர் வழக்கம்போல என் முகத்தை மட்டும் பார்த்தார்.

அதற்கப்புறம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், ஒரு துணிப்பையை என் மடியில் வைத்தார். உள்ளே அந்த மஞ்சள் புடவை, இஸ்திரி போட்டு மடித்து இருந்தது. பிரித்தேன். ஃபால்ஸ் எதிர் ஓரத்தில் இருந்தது. பழைய தையலைப் பிரித்த இடத்தில் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன.

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு வாசற்படியில் நின்றபோது ஃபால்ஸ் என் இடுப்பில் இருந்ததைப் பார்த்தாராம். வருஷக்கணக்காக அந்தக் கீழ் ஓரத்தைப் பிடித்து இழுத்தவருக்கு அது கண்ணில் படாமல் போகுமா? கேம்ப் ரோட்டில் பிளவுஸ், ஃபால்ஸ் எல்லாம் தைக்கிற பெண்மணியிடம் கொண்டுபோய், பிரித்து எதிர் ஓரத்தில் தையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தம்மா இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘இன்னா சார், தலகீழா தைக்க சொல்றீங்க? வூட்ல அக்காவ கேட்டுகினு வாங்க’ என்றிருக்கிறார். இவர் சரியாகத்தான் சொல்கிறேன் என்று கொடுத்துவிட்டு வந்தார். பாவம், ஆம்பளைக்கு எது மேல் எது கீழ் என்று எங்கே தெரியப்போகிறது என்று நினைத்து, அந்தம்மா இவருக்கு ஒரு நல்லது செய்தார். பழைய தையலைப் பிரித்துவிட்டு, அதே ஓரத்திலேயே அழகாகத் திரும்பத் தைத்துக் கொடுத்துவிட்டார். இவர் கடை வாசலிலேயே பிரித்துப் பார்த்து, தப்பான பாகத்தைத் தள்ளுகிற மாதிரி தள்ளிவிட்டார். இரண்டாவது தடவை, சரியான ஓரத்தில் முதல் சாண் தைத்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு சுருக்கென்ற வலியும் வந்தது. இதையெல்லாம் சொல்லும்போதுகூட அவர் அந்தப் புடவையைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கட்டினேன். பஞ்சுப் பை வேண்டாம் என்று தூக்கி வைத்துவிட்டேன். இந்தத் தடவை துணி நான் சொன்னபடி கேட்டது. ‘ஏங்க, கொஞ்சம் வாங்களேன்’ என்று கூப்பிட்டேன். எத்தனை மாதம் ஆகிவிட்டது, குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிரஷ்ஷோடு வந்தார். உட்கார்ந்தார். மடிப்புகள் எதிர்ப் பக்கம் திரும்பி இருந்ததால் அவர் விரல் தடுமாறியது. பொறுமையாக ஒவ்வொன்றாக நீவி இழுத்தார். பிறகு எழுந்து, சரியா இருக்கு என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். ரெண்டடி பின்னால் போகவில்லை, தலையைச் சாய்க்கவில்லை. நான் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துக்கொண்டேன். கண்ணாடியில் என் முந்தானை எல்லோரையும் போல இடது தோளில் கிடந்தது.

பள்ளி திறக்க இன்னும் சில நாள்தான். காற்றில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், கோவளம் போகலாம் என்றேன். காற்று சாக்குதான், வீட்டுக்குள் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வண்டியில் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனோம். முந்தானையைச் சுருட்டி மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கோவளத்தில் படகுகள் கரையேறியிருந்தன. மீன் விற்கிற பெண்கள் முந்தானையை இடுப்பைச் சுற்றி வரிந்து செருகிக்கொண்டு பேரம் பேசினார்கள். அந்தண்டை ஒரு கல்யாண ஜோடிக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு மயில் கழுத்து நிறத்தில் ஷிஃபான் புடவை, முந்தானை அப்படியே வானத்தில் நின்றது. பார்த்தால், முந்தானை நுனியில் தூண்டில் நரம்பு கட்டி, போட்டோக்காரரின் ஆள் ஒருவர் தள்ளி நின்று இழுத்துக்கொண்டிருந்தார். என் கணவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷமா இப்படித்தான் பறந்துச்சா என்று கேட்டார். எங்களைத் தாண்டிப் போன மீன்காரம்மா, ‘பின்னே தானா பறக்குமா சார்’ என்று சிரித்துக்கொண்டே போனாள்.

தானாகப் பறக்கத்தான் செய்தது, என்னுடையது. கடலிலிருந்து ஒரு காற்று அடித்தது பாருங்கள், வலது தோளில் குத்தியிருந்த ஒரே பின் தெறித்துவிட்டது. பழக்கமில்லாத பக்கம், சரியாகக் குத்தியிருக்க மாட்டேன். முந்தானை முழுசாக நழுவிப் பின்னால் போனது. சினிமாவில் இந்த இடத்தில்தான் மத்தளம் வாசிப்பார்கள். எனக்குக் காதே அடைத்துவிட்டது. பிளவுஸின் ஒரு பக்கம் நிறைந்தும் ஒரு பக்கம் சப்பையாகவும், பட்டப்பகலில் நான் நிற்கிறேன். முந்தானையைப் பிடிக்கக் கை போவதற்கு முன்னால் என் கண் அவர் முகத்துக்குப் போனது. இப்போது கடலைப் பார்ப்பார், படகைப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அவர் பறந்துகொண்டிருந்த முந்தானையை எட்டிப் பிடித்தார். பிடித்தவர் உடனே என் மேல் போர்த்தவில்லை. கையில் வைத்துக்கொண்டு ரெண்டடி பின்னால் போனார். தலையைச் சாய்த்தார். என் இடது பக்கத்தை, அந்த வெறும் பக்கத்தை, நிதானமாகப் பார்த்தார்.

‘என்ன பார்க்கறீங்க?’ என்றேன்.

‘பிளவுஸ் இந்தப் பக்கம் தொளதொளன்னு இருக்கு’ என்றார். ‘பிடிச்சுத் தைக்கணும்.’

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூச்சு முட்டியது. அவர் பதறிப்போய்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உனக்கு வலிக்கும்னுதான் இத்தனை நாள் பார்க்கலை, வேண்டாம்னா தைக்க வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று என்னென்னவோ சொன்னார். பார்க்காததுதான் வலித்தது என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. அவர் முந்தானையை என் வலது தோளில் போட்டு, மணலில் விழுந்திருந்த பின்னைத் தேடி எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு குத்தினார். பிறகு கொசுவத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட ஆரம்பித்தார்.

‘தைக்கணும்’ என்றேன். ‘எல்லா பிளவுஸையும்.’

‘நாளைக்கே குடுத்துடலாம். இந்தத் தடவை நீயும் வா. நான் சொன்னா அந்தம்மா நம்ப மாட்டாங்க’ என்றார்.